வழக்கும் வாக்கும்: புவனகிரி 2001 நமக்குச் சொல்வது என்ன?

"கேஸ் இருந்தா எலெக்‌ஷன்ல நிக்க முடியாதா?" விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டைப் பக்கம் இளைஞர்களைச் சந்திக்கும்போதெல்லாம் எங்களிடம் வரும் கேள்வி இது. கேட்பவர்கள் பெரும்பாலும் சாலை மறியலுக்காக வழக்கு வாங்கியவர்கள்.

பதில் நம் மாவட்ட வரலாற்றிலேயே இருக்கிறது. 2001 சட்டமன்றத் தேர்தலில் ஜெயலலிதா மனு தாக்கல் செய்த நான்கு தொகுதிகளில் நம் புவனகிரியும் ஒன்று. டான்சி வழக்குகளில் 2000 அக்டோபரில் அவருக்கு 3 ஆண்டும் 2 ஆண்டும் தண்டனை விதிக்கப்பட்டிருந்தது. நான்கு மனுக்களும் தள்ளுபடியாயின. மூன்றுக்கு அந்தத் தண்டனை காரணம். நான்காவதுக்கு, இரண்டு தொகுதிகளுக்கு மேல் மனு செய்தது காரணம்.

ஆனாலும் அவர் கட்சி வென்றது, அவர் முதல்வரானார். 2001 செப்டம்பர் 21 அன்று உச்ச நீதிமன்றம் அந்த நியமனம் செல்லாது என்றது. தேர்தலில் நிற்கவே தகுதியில்லாதவர் பெரும்பான்மையின் பலத்தால் முதல்வராக முடியாது. அதே டிசம்பரில் உயர் நீதிமன்றம் விடுவித்ததும், ஆண்டிப்பட்டி இடைத்தேர்தலில் வென்று 2002 மார்ச்சில் மீண்டும் முதல்வரானார்.

இது ஒரு பக்கம். மறுபக்கம் சொத்துக் குவிப்பு வழக்கு. 1996இல் ஆட்சி மாறியதால் வந்த வழக்கு அது. 2001இல் ஆட்சி மீண்டும் மாறியதும், ஏற்கெனவே சாட்சி சொன்னவர்கள் திரும்ப அழைக்கப்பட்டு, பலர் பிறழ் சாட்சிகளாயினர். அரசு வழக்கறிஞர் அதை எதிர்க்கவில்லை. அதனால்தான் 2003 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வழக்கைக் கர்நாடகாவுக்கு மாற்றியது. தண்டனை வந்தது 2014இல்.

ஆக, வழக்கு தேர்தலைத் தடுக்கிறது. தேர்தலில் கிடைக்கும் அதிகாரம் வழக்கைத் திருப்புகிறது. முதல்வர் மட்டத்திலேயே சாட்சிகள் இப்படி மாறினால், சாதி வன்கொடுமை வழக்கில் ஆதிக்கச் சாதிப் பிரமுகருக்கு எதிராகச் சாட்சி சொல்லும் நம் கூலித் தொழிலாளியின் நிலை என்ன?

இங்கே சட்டத்திலும் ஓர் ஓட்டை இருக்கிறது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 8(1)இன்படி, குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் 1955இன் கீழ் தீண்டாமைக் குற்றத்துக்கு அபராதம் மட்டும் விதிக்கப்பட்டாலும் 6 ஆண்டு தகுதியிழப்பு. ஆனால் அந்தப் பட்டியலில் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இல்லை. அதன் பிரிவு 3(1)இல் தண்டனை 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை. பிரிவு 8(3)இன்படி 2 ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை பெற்றால்தான் தகுதி போகும். ஓராண்டு தண்டனை பெற்றவர், வேறு தடை இல்லையென்றால், தாராளமாக ஓட்டுக் கேட்டு நம் தெருவுக்கே வரலாம்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தையும் 8(1) பட்டியலில் சேர்க்க வேண்டும். இதை நம் கோரிக்கையாக ஒவ்வொரு கட்சியிடமும் வைப்போம்.

மறியல் வழக்கு வாங்கிய தோழர்களுக்கு: எப்.ஐ.ஆர். தடையல்ல, குற்றப்பத்திரிகையும் தடையல்ல. தண்டனைதான் தடை. வாய்தாவுக்குத் தவறாமல் போங்கள். வேட்பாளர்களின் பிரமாணப் பத்திரத்தைப் பார்க்கும்போது எத்தனை வழக்கு என்று எண்ணுவதோடு நிறுத்தாதீர்கள். எந்தப் பிரிவு, யார் கொடுத்த புகார் என்று படியுங்கள். மறியலும் வன்கொடுமையும் அங்கே ஒரே பட்டியலில்தான் இருக்கும்.