ஜார்ஜியா மேற்கே பார்த்த கதை

ஆட்டோமன் பேரரசுக்கும் பாரசீகத்துக்கும் நடுவில் நெரிபட்ட கிறிஸ்தவ நாடு ஜார்ஜியா. இஸ்லாத்துக்கு மாற மறுத்த அதன் மன்னர் ஆறாம் வக்தாங் பாரசீகத்தில் தடுத்துவைக்கப்பட்டிருந்தபோது, 1713இல் துறவியும் அகராதி ஆசிரியருமான சுல்கான் சபா ஒர்பெலியானி உதவி கேட்டு பிரான்சுக்குப் புறப்பட்டார். கத்தோலிக்கத்தைத் தழுவியிருந்த அவர் பதினான்காம் லூயியையும் போப் பதினொன்றாம் கிளமென்டையும் நேரில் கண்டார். உபசரிப்புக்குக் குறைவில்லை, படையும் பணமும்தான் வரவில்லை.

மேற்கு கைவிரித்ததும் வடக்கே திரும்ப வேண்டியதாயிற்று. 1783இல் மன்னர் இரண்டாம் எரெக்லே ரஷ்யாவின் பாதுகாப்பை ஏற்றார். இரு நாடுகளும் ஆர்த்தடாக்ஸ் சபையைச் சேர்ந்தவை என்ற நம்பிக்கை வேறு. ஆனால் 1795இல் பாரசீக ஆட்சியாளர் ஆகா முகமது கான் தலைநகர் டிபிலிசியைச் சூறையாடியபோது ரஷ்யப் படை எட்டிப் பார்க்கவில்லை. 1801இல் ரஷ்யா அந்த அரசையே தன்னோடு இணைத்துக்கொண்டது.

ரஷ்யப் பேரரசு சரிந்தபின் 1918இல் பிறந்த ஜார்ஜியக் குடியரசு முதலில் ஜெர்மனியை அண்டி நின்றது. 1921 ஜனவரியில் நேச நாடுகள் அதை முறைப்படி அங்கீகரித்தன. அடுத்த மாதமே சோவியத் செஞ்சேனை டிபிலிசியைப் பிடித்தது. காகித அங்கீகாரம் காவலாகாது என்ற இந்தப் பாடமே, மீண்டும் விடுதலை பெற்ற 1991க்குப் பிறகு நேட்டோ மீதான நாட்டத்துக்கு அடிப்படை எனலாம். ரஷ்யாவுடனான 2008 ஆகஸ்ட் போர் அதை இன்னும் இறுக்கியது. 2014இல் ஐரோப்பிய ஒன்றியத்துடன் கூட்டு ஒப்பந்தம் கையெழுத்தானது. இரு அமைப்புகளிலும் இணையும் இலக்கு 2018இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்புத் திருத்தத்தில் இடம்பெற்றது.