தரைக்கு அடியில் ஒரு தரை

புதுத் தரை போட்ட வீட்டுக்குப் போனால் டைல்ஸின் நிறத்தையும் பளபளப்பையும்தான் பார்க்கிறோம். அதற்கு அடியில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் தரை நிலைப்பதும் வெடிப்பதும் அந்த அடித்தளத்தைப் பொறுத்ததுதான். ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன்பே இதை விரிவாக எழுதி வைத்தவர் ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ்.

பேரரசர் அகஸ்டஸுக்கு அவர் சமர்ப்பித்த கட்டடக்கலை நூலில் 10 பகுதிகள் உண்டு. சுவர்ப்பூச்சு, வண்ணம் பற்றிப் பேசும் 7ஆம் பகுதியைத் தரையிலிருந்துதான் தொடங்குகிறார். அவர் சொல்லும் முறையைப் பார்ப்போம்.

முதலில் மண் கெட்டியாக இருக்கிறதா என்று சோதித்து மட்டம் செய்ய வேண்டும். நிரப்பிய மண் என்றால் நன்றாக இடித்து இறுக்க வேண்டும். அதன்மேல் மூன்று அடுக்குகள்:

1. ஸ்டாட்டுமென்: கைமுட்டிக்குக் குறையாத அளவுள்ள கற்கள்.

2. ரூடஸ்: 3 பங்கு புதிய கல் ஜல்லிக்கு 1 பங்கு சுண்ணாம்பு. பழைய இடிபாட்டு ஜல்லி என்றால் 5 பங்குக்கு 2 பங்கு. பத்துப் பத்து ஆட்களாக நின்று மரக்கட்டையால் இடிக்க வேண்டும். இடித்து முடித்த பிறகும் முக்கால் அடி கனம் இருக்க வேண்டும்.

3. நூக்ளியஸ்: 3 பங்கு ஓட்டுத்தூளுக்கு 1 பங்கு சுண்ணாம்பு, ஆறு விரற்கடை கனம்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் மட்டம் பார்த்துக் கல்லோ மொசைக்கோ பதிப்பார்கள்!

மாடித் தரைக்கு எச்சரிக்கை இன்னும் அதிகம். கீழ்த்தளத்துக் குறுக்குச் சுவர் மாடித் தரையைத் தொடக்கூடாது என்கிறார். மரம் காய்ந்து தொய்யும்போது சுவர் அசையாமல் நிற்கும். சுவரின் இருபுறமும் தரை வெடித்துவிடும். பலகைகள் முறுக்கிக்கொள்ளாதபடி ஒவ்வொரு உத்திரத்திலும் இரண்டு ஆணி அடிக்கச் சொல்கிறார். சுண்ணாம்பு மரத்தை அரிக்காமல் இருக்க இடையில் பெரணியோ வைக்கோலோ பரப்பச் சொல்கிறார்.

கிரேக்கர்களின் குளிர்கால உணவறையைப் பற்றிய குறிப்பு சுவையானது. இரண்டு அடி தோண்டி, இறுக்கி, தண்ணீர் வடிய வாட்டம் கொடுத்து, கரியைக் கொட்டி மிதிப்பார்கள். மேலே மணல், சுண்ணாம்பு, சாம்பல் கலவை அரை அடி. சிந்திய மது உடனே காய்ந்துவிடுமாம்; வெறுங்காலோடு பரிமாறும் பணியாட்களுக்கும் குளிர் ஏறாதாம். ஈரமும் குளிரும் தரையின் மேற்பரப்பில் அல்ல, அடியில்தான் தீர்க்கப்பட்டன.

நூலில் எழுதியபடியே எல்லோரும் செய்தார்களா என்றால், இல்லை. அகழ்வாய்வில் கிடைத்த பல ரோமானியத் தரைகளில் அடுக்குகள் குறைவு, கனமும் குறைவு. நல்ல மண்ணில் அத்தனையும் தேவைப்படாமல் இருந்திருக்கலாம். செலவைக் குறைத்தும் இருக்கலாம். மேலே கல் பதித்துவிட்டால் கண்டுபிடிக்க முடியாதே!

பொருட்கள் மாறிவிட்டன, சிமெண்ட்டும் ஈரத்தடுப்புத் தாளும் வந்துவிட்டன. ஆனால் மட்டம், ஈரம், அசைவு என்ற மூன்று கேள்விகள் மாறவில்லை. பாம்பெயியின் மொசைக்கை வியந்து பார்க்கிறோம். அதைத் தாங்குவது பெயர் தெரியாத கூலியாட்கள் இடித்துக் கெட்டியாக்கிய ஜல்லி. உங்கள் வீட்டில் தரை மாற்றும்போது டைல்ஸ் கடைக்குப் போகும் முன், கொத்தனாரிடம் அடியில் என்ன போடப்போகிறார் என்று கேளுங்கள். மூடிய பிறகு கேட்டுப் பயனில்லை.