மூன்றாவது பத்தி

சிகந்தராபாத்தை அடுத்த லாலாகுடாவில் நைஜாம் ரயில்வேயார் 1893-ஆம் ஆண்டில் தமது பணிமனையை நிறுவினர். படைமுகாம்களையொட்டி முன்னரே வந்திருந்த தமிழரோடு, ரயில்வே வேலையை நாடி வந்தவர்களும் அப்பகுதியில் குடியேறினர். கிறிஸ்தவக் குடும்பங்களும் அவர்களிடையே இருந்தன. மொழியையும் வழிபாட்டையும் உடன் கொண்டுவந்தவர்களைப் பார்த்து, சாதியையும் கொண்டுவந்தீர்களா என்று கேட்பது அநாகரிகமாகத் தோன்றலாம். ஆயினும் பள்ளிக்கும் உத்தியோகத்துக்கும் விண்ணப்பம் எழுதும் நாளில் சர்க்கார் அதைத்தான் கேட்கிறது. ஆதி திராவிடராய்ப் பிறந்து கிறிஸ்தவராய் வாழும் ஒருவர் அதற்கு என்ன விடை எழுதுவது? இவ்வினாவை எழுப்பித் தமிழ்நாட்டின் எளிய கிறிஸ்தவ மக்கள் நடத்திவந்த கிளர்ச்சியைப் பற்றி இன்று சிறிது சிந்திப்போம்.

இச்சிக்கலின் வேர் ஆங்கில ஆட்சியிலேயே இருக்கிறது. இந்தியக் கிறிஸ்தவர் எவரும் ஷெட்யூல்டு வகுப்பினராகக் கருதப்படமாட்டார் என்று 1936-ஆம் ஆண்டின் ஆணை கூறிற்று. அக்காலத்தில் கிறிஸ்தவர்களுக்குச் சட்டசபைகளில் தனித்தொகுதிகள் இருந்தன. பின்னர் அரசியல் நிர்ணய சபையில் எச். சி. முகர்ஜியும், சென்னையிலிருந்து சென்ற இயேசு சபைக் குருவாகிய ஜெரோம் டிசூசாவும், சமய அடிப்படையிலான ஒதுக்கீடு வேண்டாமென்று மனமுவந்து கைவிட்டனர். அது பெருந்தன்மையான செயலே. ஆனால் கைவிட்டவர்கள் கற்றவர்கள். அதன் விளைவைச் சுமந்தவர்களோ சேரியில் வாழ்ந்தவர்கள். 1950 ஆகஸ்டு 10-ஆம் நாள் குடியரசுத் தலைவர் பிறப்பித்த ஆணையின் மூன்றாவது பத்தி, இந்து சமயத்தினரல்லாதார் ஷெட்யூல்டு வகுப்பினராகார் என்று வரையறுத்தது. பஞ்சாபின் சில சீக்கிய வகுப்பினருக்கு மட்டும் அதில் விலக்கு இருந்தது. 1956-இல் சீக்கியர் அனைவருக்கும், 1990-இல் பௌத்தர்களுக்கும் அக்கதவு திறந்தது. கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் திறக்கவில்லை.

இவ்வழக்கை நாட்டின் முன் வைத்தவர் மடாதிபதியோ சட்டசபை உறுப்பினரோ அல்லர். சென்னையில் தெருவோரம் அமர்ந்து செருப்புத் தைத்த சூசை என்னும் தொழிலாளி. தெருவோரச் செருப்புத் தொழிலாளருக்கு விலையின்றிப் பெட்டிக்கடை வழங்கும் திட்டமொன்றைச் சர்க்கார் வகுத்தது. மதம் மாறியவர் என்பதால் 1982-இல் அவருக்கு அது மறுக்கப்பட்டது. அதே வெயிலில் அதே தொழிலைச் செய்த இந்து ஆதி திராவிடர் கடை பெற்றார், இவர் பெறவில்லை. சுப்ரீம் கோர்ட்டு 1985 செப்டம்பர் 30-இல் அளித்த தீர்ப்பில், மதம் மாறிய பின்பும் சாதி தொடர்கிறது என்று காட்டினால் மட்டும் போதாது என்றது. அச்சாதியால் விளையும் கொடுமை புதிய சமயச் சூழலிலும் முன்போலவே கடுமையாக நீடிக்கிறது என்று மெய்ப்பிக்க வேண்டும். அதற்குரிய விரிவான ஆய்வு எதுவும் முன்வைக்கப்படவில்லை என்று கூறி மனுவைத் தள்ளியது.

இத்தீர்ப்பு கிளர்ச்சிக்காரரை எங்கே கொண்டு நிறுத்தியது என்பதைக் கவனிக்க வேண்டும். சர்க்காரிடம் நியாயம் பெற வேண்டுமானால், தம் தாய்த் திருச்சபைக்கு எதிராகவே அவர்கள் சாட்சி சொல்லியாக வேண்டும்! சாட்சியத்துக்குப் பஞ்சமில்லை. திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளத்துக் கோயில், மேற்சாதியார் ஒருபுறமும் ஏனையோர் மறுபுறமும் இருந்து வழிபடுமாறு இரட்டைக் கூடமாக எழுப்பப்பட்டது. இடைச்சுவர் 1910-இல்தான் இடிக்கப்பட்டது. திருச்சிராப்பள்ளி மேலப்புதூரிலோ கல்லறைத் தோட்டத்திலும் சுவர் எழுந்தது. மாண்டவர்க்கிடையே எதற்குச் சுவர் என்று கேட்டவர்களுக்கு நெடுங்காலம் மறுமொழி கிடைக்கவில்லை. 1980-களின் இறுதியிலிருந்து தலித் கிறிஸ்தவர்கள் தமக்கெனச் சங்கங்கள் அமைத்து ஊர்வலமும் உண்ணாநோன்பும் நடத்தினர். அவர்களுடைய முழக்கம் செயலகத்தை நோக்கி மட்டுமன்றி ஆயர் இல்லங்களை நோக்கியும் எழுந்தது. இயேசு சபைக் குருவாகிய அந்தோணி ராஜ், தமிழ்நாட்டுக் கத்தோலிக்கரிடையே நிலவும் பாகுபாட்டை ஆராய்ந்து 1992-இல் நூலாக்கினார். கோர்ட்டு கேட்ட சான்றைத் திருச்சபைக்குள்ளிருந்தே ஒருவர் தொகுத்தளித்தார் எனலாம். தென்னிந்தியத் திருச்சபையில் சென்னைப் பேராயராக விளங்கிய எம். அசரியாவும் இக்கோரிக்கைக்கு உரத்த குரல் கொடுத்தார். ஆகஸ்டு 10-ஐக் கறுப்பு நாளாக அனுசரிக்கும் வழக்கமும் திருச்சபைகளில் வேரூன்றிற்று. இக்கிளர்ச்சியின் வலிமை, தன் வீட்டுக் குற்றத்தை முதலில் ஒப்புக்கொண்டதிலேயே இருந்தது என்பது நமது கருத்து.

டில்லியில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1996-இல் ஒரு மசோதா தயாராகி அரங்கேறாமலே போயிற்று. 2004-இல் சுப்ரீம் கோர்ட்டில் மீண்டும் வழக்குத் தொடுக்கப்பட்டது. ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-இல் மூன்றாவது பத்தியை நீக்கலாம் என்று பரிந்துரைத்தது. உறுப்பினர் ஒருவர் மாறுபட்டார். 2022 அக்டோபரில் நீதிபதி கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் அமைக்கப்பட்டது. கிறிஸ்தவர்களாகிவிட்ட தாழ்த்தப்பட்டோருக்கும் அத்தகுதி வேண்டுமென்று 2023 மார்ச்சில் ஆந்திரச் சட்டசபையும், ஏப்ரலில் தமிழ்நாட்டுச் சட்டசபையும் தீர்மானம் நிறைவேற்றின.

பிற மாநிலங்களில் வாழும் நமக்கு மேலுமொரு முடிச்சு உண்டு. ஒரு மாநிலத்துப் பட்டியலில் உள்ளவர் வேறு மாநிலத்தில் குடியேறினால் அங்கே அத்தகுதியைக் கோர இயலாது என்று சுப்ரீம் கோர்ட்டு 1990-இல் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில், மதம் மாறிய ஆதி திராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் உள்ளார். தெலங்கானாவில் அத்தகையோருக்குப் பிற்படுத்தப்பட்டோரில் 'சி' பிரிவும், அதற்கு நூற்றுக்கு 1 இடமும் உண்டு. லாலாகுடாவில் பிறந்த பிள்ளைக்குச் சான்றிதழ் கேட்டுச் செல்லும் தந்தையிடம், முதலில் அவர் பாட்டனார் எந்த ஊர் என்றும், பிறகு அவர் எந்தக் கோயிலுக்குச் செல்கிறார் என்றும் தாசில்தார் அலுவலகத்தில் கேட்பார்கள்.