மந்தகதியில் ஒரு திரைப்படம்: '24 மணிநேர சைக்கோ'வும் தொடக்ககாலத் தமிழ்த் திரைப்பட ஆய்வும்

திரைப்படத்தின் வேகம் இயல்பானதன்று, வரலாற்றில் உருவானது. 1993இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரிலுள்ள டிராம்வே கலைக்கூடத்தில் டக்ளஸ் கார்டன் காட்சிப்படுத்திய '24 மணிநேர சைக்கோ' என்னும் காணொளிக் கலைப்படைப்பு இதனைப் புலப்படுத்துகிறது. ஆல்பிரட் ஹிட்ச்காக் 1960இல் இயக்கிய 'சைக்கோ' 109 நிமிடங்கள் ஓடுவது. நொடிக்கு 24 சட்டகங்கள் என்னும் கணக்கில் அதில் ஏறத்தாழ 1,57,000 சட்டகங்கள் அடங்கும். கார்டன் அவற்றை ஒலியின்றி, நொடிக்கு ஏறத்தாழ இரண்டாகக் குறைத்து, ஒரு நாள் முழுவதும் ஓடச் செய்தார். கதை பின்னகர, கையசைவும் விழியசைவும் முதன்மை பெற்றன.

நொடிக்கு 24 என்னும் அளவு 1920களின் இறுதியில் பேசும்படத்தோடு நிலைபெற்றது. ஒலி பிசகாதிருக்க மாறா வேகம் வேண்டியிருந்தது. அதற்கு முன் படக்கருவியின் கைப்பிடியைச் சுழற்றியவரே வேகத்தை வகுத்தார். நொடிக்கு 16 சட்டகங்களாக எடுத்த மௌனப்படத்தை 24இல் ஓட்டினால் நடிகர் ஒன்றரை மடங்கு விரைந்து இயங்குவர். ஆதலின் வேகத்தைக் குறைப்பது சில வேளைகளில் மூலத்தை மீட்பதுமாகும்.

தமிழில் இம்முறையைத் தொடக்ககாலப் படங்களுக்குப் பொருத்த இயலுமா? ஆர். நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த மௌனப்படமான 'கீசக வத'த்தின் பிரதி எஞ்சவில்லை. 1931இல் வெளிவந்த 'காளிதாஸ்' படத்தின் நிலையும் அதுவே. பாட்டுப்புத்தகமும் விளம்பரமும் கதையை உணர்த்தும். நடிகர் தலை திருப்பிய விதத்தை உணர்த்தா. சட்டகம் அழிந்தபின் மந்தகதிக்கு இடமில்லை. எனவே எஞ்சியுள்ள படச்சுருள்களைப் பாதுகாத்தல் ஆய்வுக்குத் துணைப்பணி அன்று, அதன் முதற்பணியாகும்.