கொழுந்துக் கூடையும் குருதிச் சோகையும்

மலைநாட்டுத் தோட்டங்களில் ஒரு நாள் உழைப்பைப் 'பேர்' என்று கணக்கிடுவது நெடுநாள் வழக்கு. விதித்த நிறைக்குக் கொழுந்து கொய்தவளுக்கு முழுப்பேர், குறைந்தவளுக்கு அரைப்பேர். தராசு சொன்னதே தீர்ப்பு. நிறை குறையக் கண்ட துரையும் கங்காணியும் அதற்குச் சோம்பல் என்று பெயரிட்டனர். பலரிடத்து அது சோம்பலன்று, குருதிக் குறைவே என்பது நிறுவப்படுவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் சென்றது.

கோப்பி பருவப் பயிர். இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சிராப்பள்ளிச் சீமைகளிலிருந்து கால்நடையாய் வந்தோரிற் பலர் அறுவடை முடிந்ததும் ஊர் திரும்பினர். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்க, அவ்விடத்தைத் தேயிலை பிடித்தது. தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து விடுஞ் செடி. ஆகவே தொழிலாளர் குடும்பத்தோடு லயங்களில் நிலைத்தனர். நோய்க்கு வழி திறந்ததும் இவ்வாறே. லயங்கள் எழுந்த வேகத்தில் மலசலகூடங்கள் எழவில்லை. தேயிலைச் செடிகளின் மறைவே ஒதுக்கிடமாயிற்று. நிழலும் ஈரமும் வெதுவெதுப்பும் பொருந்திய அம்மண்ணிலே கொளுக்கிப்புழுவின் முட்டைகள் பொரித்தன. அதே மண்ணில் வெறுங்காலோடு நின்றுதான் கொழுந்து கொய்தல் வேண்டும்.

கண்ணுக்குப் புலப்படாத குடம்பி பாதத்தின் தோலைத் துளைத்து, குருதியோடு நுரையீரலை அடையும். அங்கிருந்து தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலைச் சேர்ந்து, அதன் சுவரைக் கவ்விக்கொண்டு குருதியை உறிஞ்சும். நாளும் சிறிது சிறிதாக இழக்கும் இரும்புச்சத்தை, இறைச்சியும் கீரையும் அருகிய உணவு ஈடு செய்யாது. உணவோடு பருகும் தேநீரும் உணவிலுள்ள இரும்பு உடலிற் சேர்வதைத் தடுக்குமாம். கொய்தவளின் களைப்பைப் போக்க அவள் கொய்த இலையையே காய்ச்சிக் கொடுத்தது வேடிக்கையான கொடுமைதான்! இரும்பு குறைய ஈமோகுளோபின் குறையும். தசைகளுக்கு ஒட்சிசன் போதாது. இதயம் இருமடங்கு உழைப்பதுபோற் படபடக்கும். கூடையைச் சுமந்து சரிவில் ஏறுபவள் பாதி வழியில் நின்று மூச்சு வாங்குவாள்.

அமெரிக்க நாட்டு ரொக்பெல்லர் நிறுவனத்தார் 1916இல் இலங்கையில் கொளுக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கினர். கீனப்போடியம் என்னும் பூண்டின் எண்ணெயே முக்கிய மருந்து. அளவு மிஞ்சினால் அதுவே நஞ்சு. வேலை பெருகுமென்று கண்ட தோட்டத்தார் மருந்தை வரவேற்றனர். ஆனால் மலசலகூடம் கட்டுக என்றபோது செலவைக் காட்டிப் பலர் பின்வாங்கினர். மருந்துண்டு தேறியவர் மறுநாளே பழைய மண்ணில், பழைய வெறுங்காலோடு நின்றனர். புழு மீண்டும் ஏறியது. மருந்து மட்டும் போதாதென்ற அறிவு வலுப்பெற்ற பின்னரே, 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு அமைந்தது.

உழைப்பாற்றலை நேரே அளந்து பார்த்தது இன்னும் பிந்தியே. அமெரிக்க ஆய்வாளரும் இலங்கை மருத்துவரும் கூடி, நகரும் பட்டியின் மேல் இந்நாட்டுப் பெண்கள் 75 பேரை நடக்கவைத்து ஆராய்ந்தனர். குருதி குன்றியவர் விரைவிற் களைத்தனர். அம்முடிவு 1977இல் வெளிவந்தது. 1979இல் வெளியான அடுத்த ஆய்வு கொழுந்து கொய்வோரைப் பற்றியது. ஒரு சாராருக்கு இரும்பு மாத்திரையும், மற்றொரு சாராருக்கு மருந்தற்ற மாத்திரையும் வழங்கி, அன்றாடம் கொய்த கொழுந்தை நிறுத்தனர். ஒரு மாதம் கழிந்தபோது, இரும்பினால் ஈமோகுளோபின் உயர்ந்தவரின் நிறை தெளிவாகக் கூடிற்று. மிகவும் குன்றியிருந்தவரிடத்தே ஏற்றமும் மிகுதி.

ஆய்வாளர் கொழுந்தின் நிறையோடு நின்றுவிடவில்லை என்பதே சிறப்பு. பெண்களின் அசைவை 24 மணி நேரமும் இடைவிடாது கருவியாற் பதிந்தனர். மூன்று வாரத்திலேயே இரும்பு பெற்றவரின் இயக்கம் மற்றவரினும் மிகுந்திருந்தது. மாலையில் தண்ணீர் சுமந்து, விறகொடித்து, அடுப்பு மூட்டிப் பிள்ளைகளுக்குச் சோறாக்கும் வேலைக்கு எந்தத் தராசும் பேர் போட்டதில்லை. குருதிச் சோகை அந்நேரத்தையும் பறித்திருந்தது.