மடுல்கெல்ல மலைக்கு மருந்து வந்த வழி

கண்டி மாநகரிலிருந்து வத்தேகம, பன்வில ஆகிய ஊர்களைக் கடந்து ஏறிச் செல்லும் பாதையில், நக்கிள்ஸ் மலைத்தொடரை அண்டி மடுல்கெல்ல என்னும் ஊர் அமைந்திருக்கின்றது. நாட்டுப் படத்தில் பார்ப்போர்க்கு அந்தத் தூரம் ஒரு பொருட்டாகத் தோன்றாது. மழை கொட்டும் நள்ளிரவிலே, மலைச்சரிவின் லயத்து அறையொன்றில் பிரசவ வேதனைப்படும் பெண்ணுக்கும் மூச்சுத் திணறும் குழந்தைக்கும் அது எத்தகைய தூரம் என்பதை அங்கு வாழ்வோரே அறிவர். பெரிய வைத்தியசாலைகள் கண்டியிலும் பேராதனையிலும் உள்ளன. நோயாளி மருத்துவரை நாடிச் செல்வதா, மருத்துவம் நோயாளியை நாடி வருவதா என்னும் கேள்வி இம்மலைகளிலே ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளாகக் கேட்கப்பட்டு வருகின்றது. தொலைமருத்துவம் என்று இன்று பேசப்படுவது, அக்கேள்விக்குக் காலந்தோறும் கூறப்பட்ட விடைகளுள் கடைசியாக வந்ததாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கண்டியைச் சூழ்ந்த மலைகளிலே காடு வெட்டிக் கோப்பி பயிரிட்டனர் ஆங்கிலத் தோட்டக்காரர். கெலேபொக்க, நக்கிள்ஸ், ரங்கலை என்பன அந்நாளைய கோப்பிப் பகுதிகளின் பெயர்கள். அங்கு வேலை செய்யத் தமிழகத்திலிருந்து வந்தோர் மன்னார்க் கரையில் இறங்கி, ஏறத்தாழ 150 மைல் தூரம் காட்டுவழியே தம்புள்ளையூடாக மாத்தளைக்கு நடந்தனர். வாந்திபேதியும் அம்மையும் காய்ச்சலும் அவர்களுடன் கூடவே நடந்தன. வழியில் விழுந்தோர் பலர்; அவர்களைச் சரிவர எண்ணிவைத்தோர் எவருமிலர். தோட்டத்தை அடைந்த பின்னரும் நிலைமை பெரிதும் மாறவில்லை. நடக்கவியலாத நோயாளியைக் கம்பளியிலே கிடத்தி, அதன் இரு முனைகளையும் கம்பொன்றிற் கட்டி, இருவர் தோளிற் சுமந்து மலையிறங்குவர். 1867இல் கண்டிக்கும் 1880இல் வத்தேகம வழியாக மாத்தளைக்கும் புகைவண்டி வந்தது. ஆயினும் லயத்துக்கும் புகைவண்டி நிலையத்துக்கும் இடையே கம்பளிதான் வாகனமாக இருந்தது.

1872இல் கோப்பிப் பகுதிகளின் மருத்துவத் தேவை குறித்து அரசாங்கம் ஒரு கட்டளைச் சட்டம் இயற்றியது. அதனை நடத்தும் பொறுப்பிற் பெரும்பங்கு தோட்டக்காரரிடமே விடப்பட்டது. செலவு செய்ய வேண்டியவரே செலவை அளக்கும் ஏற்பாடு எவ்வாறு முடியும் என்பதை நேயர்கள் ஊகித்துக்கொள்ளலாம். 1880ஆம் ஆண்டுச் சட்டத்தால் அரசாங்கம் அப்பொறுப்பைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டது. தோட்டப் பகுதிகள் மருத்துவ மாவட்டங்களாக வகுக்கப்பட்டன; மாவட்ட வைத்திய அதிகாரிகள் அமர்த்தப்பட்டனர்; வைத்தியசாலைகளும் மருந்தகங்களும் எழுந்தன. அதற்குள் இலைநோய் கண்டு கோப்பி அழிய, அவ்விடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது. கோப்பி பருவத்துக்கு ஆள் கேட்கும் பயிர். தேயிலையோ ஆண்டு முழுவதும் ஆள் கேட்பது. ஆகவே தொழிலாளி குடும்பத்துடன் மலையில் நிலைத்தான். மருத்துவமும் வந்துபோவோர்க்கு உரியது என்ற நிலை மாறி, அங்கேயே பிறந்து வளர்ந்து மூப்படைவோர்க்கு உரியதாயிற்று.

1912இல் இயற்றப்பட்ட மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் ஊன்றிப் படிக்கத்தக்கது. தோட்டத்து லயங்களைத் துப்புரவாக வைத்திருத்தல், தோட்டத்தில் எவர் நோயுற்றிருக்கின்றனர் என்பதை அறிந்திருத்தல், கடும் நோயோ விபத்தோ நேர்ந்தால் வைத்திய அதிகாரிக்கு ஆளனுப்புதல், பிள்ளை பெற்ற பெண்ணுக்கு ஒரு மாதம் உணவும் உறையுளும் அளித்தல், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகள் போதிய ஊட்டம் பெறுகின்றனரா எனப் பார்த்தல் ஆகிய கடமைகள் யாவும் தோட்டத் துரைமீது சுமத்தப்பட்டன. ஏட்டளவில் இது நல்ல சட்டம். நடைமுறையில் நோயாளியின் வாய்ச்சொல் கங்காணியின் காதில் விழுந்து, கணக்கப்பிள்ளை வழியாகத் துரையை அடைந்து, துரை எழுதிய ஆங்கிலக் கடிதமாக வைத்திய அதிகாரியின் மேசைக்குச் செல்ல வேண்டும். துரைமார் கற்ற தமிழ் வேலை ஏவுவதற்குப் போதுமானதாக இருந்தது. நோவு எங்கே தொடங்கி எங்கே பரவுகின்றது என்று கேட்டறிய அது போதாது. நோய்ச் செய்தி இத்தனை வாய்களைக் கடந்து சென்றதில் எத்தனை உயிர்கள் காலங்கடந்து போயின என்பதற்குக் கணக்கில்லை.

இக்குறையை ஓரளவு ஈடுசெய்தவர் தோட்டத்து டிஸ்பென்சரியில் இருந்தவர். முழுப் பயிற்சி பெற்ற வைத்தியர் அல்லர் அவர். எனினும் புண்ணைக் கழுவிக் கட்டவும், காய்ச்சலுக்குக் கொயினா கொடுக்கவும், எது தன் கைக்கு அப்பாற்பட்டது என்று இனங்காணவும் அறிந்தவர். தொழிலாளர் அவரை ‘டொக்டர் ஐயா’ என்றே அழைத்தனர். பிரசவத்துக்கு மருத்துவிச்சி இருந்தார். இவ்விருவரின் பெயரும் வரலாற்று நூல்களில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. துரைமாரின் குதிரைகளுக்குக்கூடச் சில நூல்களில் இடமுண்டு.

1916இல் அமெரிக்க ரொக்கஃபெல்லர் நிறுவனம் கொக்கிப்புழு ஒழிப்பு முயற்சியை மாத்தளைத் தோட்டங்களில் தொடங்கியது. மடுல்கெல்லவிலிருந்து மலையொன்றைத் தாண்டினால் மாத்தளைச் சீமை. பரிசோதிக்கப்பட்ட தோட்டத் தொழிலாளருள் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் அப்புழு இருக்கக் காணப்பட்டது. லயத்துக்கே சென்று மருந்து கொடுத்தனர், புழுக்கள் வெளியேறின. ஆனால் மலசலகூடமின்மையால் அதே மண்ணில் வெறுங்காலுடன் நடந்தோர்க்கு நோய் மீண்டும் தொற்றியது. மருந்தைக் கொண்டுவந்தவர் திரும்பிய பின், அங்கேயே தங்கிப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும் என்னும் உண்மை அப்போது வெளிப்பட்டது.

ஏறத்தாழ அதே காலத்தில், ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுப் பாலைநிலங்களிலும் இதே கேள்வி வேறு வடிவில் எழுந்தது. அங்கே மலையில்லை, ஆளுக்கு ஆள் நூற்றுக்கணக்கான மைல் வெட்டவெளி. ஜோன் ஃபிளின் என்னும் சமயகுரு 1928இல் குளொங்கரி என்னும் ஊரில் பறக்கும் வைத்தியர் சேவையைத் தொடங்கினார். விமானம் மாத்திரம் போதவில்லை. வைத்தியரை அழைக்க வழி வேண்டுமே! அல்பிரட் திரெய்கர் என்பவர் சைக்கிள் மிதிப்பது போலக் காலால் மிதித்து மின்சாரம் உண்டாக்கும் வானொலிக் கருவியொன்றை ஆக்கினார். 1929 முதல் தொலைவிலுள்ள வீடுகள் வானொலி வழியே வைத்தியரிடம் பேசின. பின்னர் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மருந்துப் பெட்டி வைக்கப்பட்டது. அதிலுள்ள மருந்துகளுக்கு எண்கள் இடப்பட்டிருந்தன. வைத்தியர் நோயின் குறிகளைக் கேட்டு இன்ன எண்ணுள்ள மருந்தை இத்தனை முறை கொடு என்பார். எழுத்தறிவு குறைந்தோரும் எண்ணைப் பார்த்து எடுத்துக் கொடுப்பர். அறிவு வானொலியில் வந்தது. மருந்து முன்கூட்டியே வீட்டில் இருந்தது. இரண்டில் ஒன்று குறைந்திருந்தாலும் அம்முறை பயன் தந்திராது.

நோயின் செய்தியைக் கம்பி வழியே அனுப்பும் முயற்சி அதற்கும் முந்தியது. ஒல்லாந்து நாட்டின் லைடன் நகரில் ஐந்தோவன் என்னும் அறிஞர் 1905இலேயே வைத்தியசாலையிற் கிடந்த நோயாளியின் இதயத் துடிப்பைத் தொலைபேசிக் கம்பி மூலம் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த தம் ஆய்வுகூடத்தில் பதிவுசெய்தார். பாரத நாட்டில் 2000ஆம் ஆண்டு ஆந்திர மாநிலத்து அரகொண்டா என்னும் கிராமத்தில் அப்பல்லோ மருத்துவமனை தொலைமருத்துவ நிலையமொன்றைத் தொடங்கியது. ஆயினும் மடுல்கெல்லவுக்கு நெருங்கிய பாடம் தேனிப் பகுதியில் உள்ளது. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து ஊர்கள் அவை. 1976இல் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி மதுரையில் நிறுவிய அரவிந்த் கண் மருத்துவமனை, 2000ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியில் அங்குச் சிறு கண் பரிசோதனை நிலையங்களை அமைத்தது. அமெரிக்காவின் பெர்க்லிப் பல்கலைக்கழக ஆய்வாளரின் துணையுடன் நெடுந்தூரக் கம்பியில்லாத் தொடர்பு ஏற்படுத்தப்பட்டது. பயிற்சி பெற்ற ஊழியர் நோயாளியின் கண்ணைக் கருவியாற் பரிசோதித்துக் குறிப்பெழுதுவார். பின்னர் தொலைவிலுள்ள மருத்துவர் திரையில் தோன்றி நோயாளியிடம் சில நிமிடம் பேசுவார். கண்ணாடி வேண்டுவோர்க்கு அங்கேயே கண்ணாடி. அறுவைச் சிகிச்சை வேண்டுவோர் மாத்திரமே பேருந்து ஏறுவர். மருத்துவர் பேசியதும் நோயாளி தமிழில், ஊழியர் பேசியதும் தமிழில்.

மடுல்கெல்ல வட்டாரத்தில் இதற்குப்பின் நிகழ்ந்தவை விரைந்து கூறத்தக்கவை. 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தச் சட்டங்களால் இலங்கைத் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் தனியார் கம்பெனிகளிடம் சென்றது. தோட்ட மருத்துவமனைகள் சிலவற்றை அரசாங்கம் பின்னர் பொறுப்பேற்றது; பல டிஸ்பென்சரிகள் பழைய நிலையிலேயே நின்றன. 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் வரும் இலவச நோயாளர் வண்டிச் சேவை 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, பின்னர் ஏனைய மாகாணங்களுக்கும் விரிந்தது. கம்பளிச் சுமைக்கு இது பெரிய மாற்றம். 2020இல் கொள்ளைநோய்க் காலத்து ஊரடங்கின்போது, நீடித்த நோயுடையோர்க்குரிய கிளினிக் மருந்துகளை அரசாங்கம் தபால் மூலம் வீடுகளுக்கு அனுப்பியது.

நீரிழிவு, இரத்த அழுத்தம் ஆகியவற்றுக்குத் தொலைமருத்துவம் பயன்படும் விதம் இதனால் விளங்கும். கொழுந்து பறிக்கும் பெண் கண்டிக்குக் கிளினிக் சென்றால் அன்றைய பேர் விழாது. தோட்டத்தில் ‘பேர்’ என்பது ஒரு நாட்கூலி. பேருந்துக் கட்டணம் வேறு. அவள் மருத்துவரைக் காணும் நேரமோ சில நிமிடம். இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையின் அளவையும் தோட்டத்திலேயே ஒருவர் பார்த்துச் சொல்ல, வைத்தியர் தொலைவிலிருந்து மருந்தின் அளவை மாற்றுவாராயின், பேர் போகாது, மருந்தும் நிற்காது. பல பெண்கள் இடையில் மருந்தை நிறுத்திவிடுவது கவலையின்மையால் அன்று; இக்கணக்கினால்தான்.

எனினும் மூன்று தடைகள் உண்டு. மலை மறைவில் கைத்தொலைபேசி அலை எட்டாத லயங்கள் உள்ளன. தமிழ் 1987ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அரசகரும மொழியாயினும், தமிழறிந்த வைத்தியரும் தாதியரும் கண்டி வைத்தியசாலைகளில் தேவைக்குப் போதியவர் அல்லர். நேரிலே கைச்சாடையாலும் முகக்குறிப்பாலும் ஓரளவு விளங்கவைப்பவள், திரையின் முன் மொழி தெரியாமல் ஊமையாவாள். பழைய டொக்டர் ஐயாவின் இடம் பல தோட்டங்களில் வெறுமையாயிருப்பது மூன்றாவது. திரையை வாங்குவதற்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கையேனும் அவ்விடத்தில் தமிழறிந்த மருத்துவ உதவியாளர் ஒருவரை அமர்த்தச் செலவிடுதல் முதல் வேலையாகும். கொழுந்து நிறுக்கும் வேளை முடிந்து பெண்கள் லயம் திரும்பும் மாலைப்பொழுதில் அவர் கதவு திறந்திருக்க வேண்டும்.