ஒழுங்கை தப்பாத அற்புதம்: யாழ்ப்பாணக் குடாநாட்டு ஊகப் புனைவும் ஊரறிந்த வாசகரும்

1. கூற்று

நல்லூரில் பிறந்து வளர்ந்த ஒருவரிடம், கந்தசுவாமி கோயில் வீதியில் சிறகு முளைத்த குதிரையொன்று வந்து இறங்கியது என்று கதை சொல்லுங்கள். தலையாட்டிக் கேட்பார். இறங்கிய குதிரை நாலு எட்டு வைத்துக் கடலில் கால் நனைத்தது என்று தொடர்ந்தால், "நல்லூரடியில எங்கை கடல்?" என்று மறித்துவிடுவார். சிறகு அவரை உறுத்தவில்லை, கடல்தான் உறுத்துகிறது.

உலகில் இல்லாத ஒன்றை இருப்பதாக வைத்துக்கொண்டு மேலே நடக்கும் கதையை ஊகப் புனைவு என்கிறோம். அது வாசகர் நேரில் அறிந்த மண்ணில் நிகழும்போது என்ன நேர்கிறது என்பதே இக்கட்டுரையின் வினா. என் கூற்று இது: ஊரறிந்த வாசகர் அற்புதத்தைச் சோதிப்பதில்லை, ஒழுங்கையைத்தான் சோதிக்கிறார். ஒழுங்கை சரியென்றால் அற்புதமும் கூடவே உள்ளே வந்துவிடுகிறது. குடாநாட்டில் இதற்கு நெடிய வரலாறு உண்டு. அறிவியல் புனைகதை என்று அட்டையில் அச்சிட்ட நூல்களை மட்டும் தேடினால் அது கண்ணில் படாது.

2. தலக்கதைகள்

ஒல்லாந்தர் காலத்தில் மேக்கறூன் என்ற அதிகாரி கேட்டதற்கிணங்க மயில்வாகனப் புலவர் ஆக்கிய யாழ்ப்பாண வைபவமாலையில், குதிரைமுகம் கொண்ட சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி கீரிமலையில் தீர்த்தமாடி மனிதமுகம் பெறுகிறாள். அவளோடு சேர்த்துச் சொல்லப்படும் கந்தசுவாமி கோயில் மாவிட்டபுரத்தில் நிற்கிறது. அங்கிருந்து கீரிமலைக் கேணிக்கு நடந்தே போகலாம். ஆடி அமாவாசையன்று மாவிட்டபுரத்துத் தீர்த்தத் திருவிழா கீரிமலையில்தான் நடக்கிறது. கதையின் வழியைச் சனம் ஆண்டுதோறும் காலால் சரிபார்த்துக்கொள்கிறது. முகம் மாறியதை யாரும் பார்த்ததில்லை, பார்க்க வேண்டிய தேவையும் அவர்களுக்கு இல்லை.

இதைவிட நுட்பமானது நவக்கிரியிலுள்ள நிலாவரைக் கிணறு. இராமன் அம்பெய்து உண்டாக்கியது என்பார்கள், ஆழம் காண முடியாதது என்பார்கள். அதில் எலுமிச்சம்பழத்தைப் போட்டால் கீரிமலைக் கேணியில் வந்து மிதக்கும் என்பது பெரியவர்கள் வாய்ப்பேச்சு. இரண்டுக்கும் இடையே பத்துக் கிலோமீற்றருக்கு மேல் இருக்கும். சும்மா அடித்துவிட்ட கதையா? குடாநாடு சுண்ணாம்புக்கல் மேல் கிடக்கிறது. ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இங்கே இல்லை. மழைநீர் கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி, அதைக் கரைத்துக் குடைந்து, நிலத்தடியில் ஓடிக் கடலோரத்தில் ஊற்றாகக் கசிகிறது. நிலாவரையின் மேல்நீர் நன்னீர், ஆழத்தில் உவர். எனவே அந்த எலுமிச்சம்பழம் கதையுருவில் சொல்லப்பட்ட ஒரு நீரியல் கருதுகோள். பழம் மிதந்ததா என்பது வேறு விடயம். கேள்வியைச் சரியான இரண்டு கிணற்றடிகளில் வைத்தது சொன்னவரின் கெட்டித்தனம். குடாநாட்டின் மிகச் சிறந்த அறிவியல் புனைகதை இந்த ஒற்றை வாக்கியம்தான் என்பேன்.

3. இடத்தை நகர்த்தியவர்

எதிர்முனையில் நிற்பவர் ஆர்தர் சி. கிளார்க். 1956 முதல் இலங்கையில் வாழ்ந்தவர். 1979இல் வெளிவந்த அவருடைய நாவலில் பூமியிலிருந்து விண்வெளிக்கு ஓர் உயர்த்தி கட்டுகிறார்கள். அதற்கு நிலநடுக்கோடு வேண்டும். இலங்கையோ வடக்கே இருக்கிறது. ஆகவே தீவைத் தெற்கே ஏறக்குறைய 800 கிலோமீற்றர் தள்ளி, தப்ரபேன் என்று பெயரிட்டு, சிவனொளிபாதமலையை இருமடங்கு உயர்த்திவிட்டார். பின்னுரையில் அதை ஒளிக்காமல் சொல்லியும் வைத்தார். இயற்பியல் பிழைக்கக் கூடாது என்பதற்காகப் புவியியலை விட்டுக்கொடுத்தவர் அவர். நிலாவரைக் கதைசொல்லி இயற்பியலைத்தான் விட்டுக்கொடுத்தார்.

4. நாவல் வந்தபோது

அச்சு நாவல் அந்தத் தலக்கதை மரபைக் கையேற்கவில்லை. சித்திலெப்பையின் அசன்பேயுடைய கதை (1885) எகிப்துப் பக்கம் நடந்தது. திருகோணமலை சரவணமுத்துப்பிள்ளையின் மோகனாங்கி (1895) நாயக்கர் காலத் தமிழகத்துக்குப் போனது. மங்களநாயகம் தம்பையாவின் நொறுங்குண்ட இருதயம் (1914) யாழ்ப்பாணத்து வீடுகளுக்குள் நுழைந்தது. நுழைந்தவுடன் கதை குடும்பத் துயரமாகிவிட்டது. வியப்பு வெளியூருக்கு, கண்ணீர் உள்ளூருக்கு என்ற பாகப்பிரிவினை நெடுங்காலம் நீடித்தது.

5. படிக்கட்டில் ஓர் உடல்

அதை உடைத்தது 1981. மே 31ஆம் திகதி இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன என்பது பரவலான கணக்கு. எம். ஏ. நுஃமான் எழுதிய புத்தரின் படுகொலை என்ற கவிதையில், சிவில் உடைப் பொலிசார் புத்தரைச் சுட்டுக் கொல்கிறார்கள். உடல் நூலகப் படிக்கட்டருகே கிடக்கிறது. தொண்ணூறாயிரம் புத்தகங்களால் அதை மூடி எரிக்கிறார்கள். பௌத்த நூல்களும் அந்தத் தீயில் போகின்றன. (கவிதையை இங்கே சேர்க்கலாமா என்று கேட்பவர்கள், அதை ஒரு கதையாகச் சொல்லிப் பார்க்கட்டும், ஒன்றும் சிந்தாது.)

இதில் கற்பனை எது? ஒரேயோர் ஆள் மட்டுமே. படிக்கட்டு, பொலிசார், புத்தகத் தொகை, தீ எல்லாம் ஊர் அறிந்தவை. அந்தப் படியில் ஏறி இறங்கியவர், உடல் எந்த இடத்தில் கிடந்திருக்கும் என்று தானே குறித்துக்கொள்வார். கவிஞர் இதைக் கனவாகச் சொல்கிறார். யாழ்ப்பாண வாசகருக்கு அந்தக் கனவுச் சட்டகம் தேவையே இல்லை என்று நினைக்கிறேன். வெளியூர் வாசகரைக் கைபிடித்து உள்ளே அழைக்கத்தான் அது உதவுகிறது.

6. சரிபார்க்க முடியாத ஊர்

1990இல் போரால் வலிகாமம் வடக்குச் சனம் இடம்பெயர்ந்தது. அங்குள்ள மயிலிட்டித் துறைமுகம் இராணுவத்திடமிருந்து விடுவிக்கப்பட்டது 2017இல். இடைப்பட்ட 27 ஆண்டுகளில் முகாம்களில் பிறந்த பிள்ளைகளுக்கு ஊர் என்பது பெரியவர்கள் சொன்ன வளவும் கிணறும் மட்டுந்தான். இடம் மெய்யாகவே இருந்தும், கேட்பவரால் போய்ப் பார்த்துவர முடியாத நிலை அது. ஊகப் புனைவு தலைகீழாகிய நிலை இதுவே. புலம்பெயர்ந்தோரிடத்தில் இது இன்னொரு வடிவம் எடுக்கிறது. மெல்பேர்ணில் வாழும் ஜேகே, டக்ளஸ் அடம்ஸின் பால்வீதி நகைச்சுவையை அடியொற்றிக் கந்தசாமியும் கலக்சியும் எழுதினார். அங்கே ஒழுங்கையின் வேலையைச் செய்வது பேச்சு. கந்தசாமி அண்டவெளியில் எங்கே போனாலும், அந்தக் கதை பேசும் தமிழ் அவருடைய முகவரியைக் காட்டிக்கொடுத்துவிடும்.

7. ஆண்டு என்ற சிக்கல்

யாழ்தேவி என்ற புகையிரதம் 1990இல் யாழ்ப்பாணம் வருவதை நிறுத்தியது. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போயின. 2014 ஒக்ரோபரில் புகையிரதம் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. 2005இல் ஒருவர், யாழ்ப்பாண நிலையத்தில் யாழ்தேவி வந்து நின்றதாகக் கதை எழுதியிருந்தால் அது அப்பட்டமான ஊகப் புனைவு. அதே பக்கத்தை இன்று கொக்குவிலில் இருந்து படிக்கும் இளைஞருக்கு அதில் விசேடம் எதுவும் தெரியாது. 1985இல் நாட்டைவிட்டுப் போனவருக்கும் தெரியாது. அவர் நினைவில் புகையிரதம் நின்றதே இல்லை. ஆகவே ஈழத்து ஊகப் புனைவுகளைத் தொகுக்க முனைவோர் ஒவ்வொரு கதையின் கீழும் எழுதப்பட்ட ஆண்டை அச்சிட வேண்டும். ஆண்டு இல்லாவிட்டால் எது அற்புதம், எது நேர அட்டவணை என்று பிரிக்க வழியில்லை.